கூப்பிட்ட பிறகு பேசுங்கள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய தலைமை மருந்தாளுநர் மேடம் அவர்களுக்கு,

தங்கள் மருந்தகத்தில் ஏழு மாதம் உதவி மருந்தாளுநராக இருந்து, விசாரணை முடியும்வரை கிளை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருக்கும் தங்கள் அண்ணி எழுதுவது. ‘அண்ணி’ என்று எழுதியது தவறென்றால் அதை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்தால் நான் அழுதுவிடுவேன். காகிதத்தில் இரண்டு தொல்லையும் இல்லை.

இங்கே வந்து ஒன்பது நாள் ஆகிறது. மருத்துவமனைக்குப் பின்தெருவில், மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. ஏழு மணிக்கே சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிடும். உங்கள் அண்ணன் தினமும் மாலையில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் போனை மகளிடம் கொடுத்துவிடுகிறார். பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிய மனிதர். மத்தளத்துக்காவது அடிப்பவன் ஒருவன்தான்.

நேற்று விசாரணைக் குழு உங்கள் வாக்குமூலத்தின் நகலை அனுப்பியிருந்தது. நான் பதில் எழுத வேண்டுமாம். அதில் ஒரு வரி: ‘மருந்து எடுத்த நேரத்தில் அருகில் இருந்த உதவி மருந்தாளுநர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.’ உண்மைதான். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

நான் பார்த்ததை எழுதுகிறேன். ஏழாம் வார்டில் இருந்த தச்சருக்கு, இரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க மாத்திரை. சீட்டில் ஒரு மில்லிகிராம். நீங்கள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ரேக்கிலிருந்து அட்டையை எடுத்தீர்கள். ஒரு மில்லிகிராம் அட்டை பழுப்பு நிறம். ஐந்து மில்லிகிராம் இளஞ்சிவப்பு. உங்கள் கையில் இருந்தது இளஞ்சிவப்பு. நான் வாயைத் திறந்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

அந்த விரலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்புதான் மருந்தகத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருந்தீர்கள்: “இங்க நான் உங்க நாத்தனார் இல்ல. மேடம்னு கூப்பிடுங்க. நான் கூப்பிட்டப்புறம் பேசுங்க.”

அன்று நீங்கள் கூப்பிடவில்லை. நான் பேசவில்லை. டிராலி வார்டுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் அந்த மனிதருக்கு மூக்கில் வழிந்த இரத்தம் நிற்கவே இல்லை. அட்டையின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது வார்டு நர்ஸ். எட்டு நாள் கிடந்து பிழைத்தார்.

உங்கள் வாக்குமூலம் முழுப்பக்கம் இருக்கிறது. விரலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை, மேடம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
உதவி மருந்தாளுநர்


மார்ச் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனை முகவரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் அதைப் பிரித்து, முத்திரை குத்தி, மேலே ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று எழுதி என் மேஜைக்கு அனுப்பினார்கள். கொண்டுவந்த எழுத்தர் என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். மத்தளம் வரைக்கும் படித்திருப்பார். இனிமேல் வீட்டுக்கே எழுதுங்கள்.

விரலைக் காட்டினேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விரல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்தீர்களா?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டாக்டர்கள் எல்லோருக்கும் நான் ‘ஏம்மா’. மாதக் கூட்டத்தில் மருந்தைப் பற்றிக் கேள்வி என்றால், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டோர்காரரைப் பார்த்துக் கேட்பார்கள். அவர் என்னைப் பார்ப்பார். நான் சொன்ன பதிலை அவர் திருப்பிச் சொல்வார். மூன்றாம் வருஷம், என்னைவிட வயதில் சின்ன டாக்டர் ஒருவர், “தண்ணி கொண்டு வாம்மா” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறாம் வருஷம் தலைமைப் பொறுப்பு வந்தது, அப்போதும் ‘ஏம்மா’தான். பத்தாம் வருஷம் ஒரு கூட்டத்தில் பெரிய டாக்டர், “மேடம் என்ன சொல்றாங்கன்னு கேப்போம்” என்றார். வீட்டுக்கு வந்து அதை நான் சொன்னது ஒரே ஆளிடம். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டீர்கள்.

அப்படிக் கேட்ட நீங்கள்தான், அதே பெரிய டாக்டர் ஆறு மாணவர்களோடு கவுண்டரில் நிற்கும்போது, “என்ன பொடிசு, சாப்பிடாமலே ஓடி வந்துட்ட? டப்பா கொண்டாந்திருக்கேன்” என்றீர்கள். மாணவர்கள் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பெரிய டாக்டர் கேட்டார்: “பொடிசு மேடம் என்ன சொல்றாங்க?” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பத்து வருஷம் ஏறிய படியிலிருந்து ஒரே சொல்லில் கீழே வந்துவிட்டேன்.

நீங்கள் பாசத்தில்தான் சொன்னீர்கள். அந்த டப்பாவை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதும் உண்மை. அதனால்தான் அன்றே எதுவும் சொல்ல முடியவில்லை. உள்ளேயே வைத்திருந்து மறுவாரம் எல்லோர் முன்னாலும் கொட்டினேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மாத்திரை போன அன்று மாலை, வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து உங்கள் மகளின் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே நான் மேடம் இல்லை. அங்கே நான் எந்த விரலையும் காட்டவில்லை. அன்றைக்கும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உங்கள் வாய்க்கு என்ன ஆயிற்று?

உங்கள் மகள் என்னோடு பேசுகிறாள். ஆனால் ‘அத்தை’ என்று கூப்பிடாமல் பேசுகிறாள். “சாப்பிட வரணுமாம்.” “போன் அடிக்குது.” எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. நம் இரண்டு பேரிடமிருந்தும் கற்றிருக்க நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
நாத்தனார்


மார்ச் 19

நாத்தனாருக்கு,

‘பொடிசு’ என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ பள்ளிச் சீருடையில் இருந்தாய். உனக்கு முப்பத்தாறு வயது ஆகிவிட்டது என்பது என் தலையில் இன்னும் ஏறவில்லை. இந்த வேலைக்கு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து கொடுத்து, படித்த படிப்பை ஏன் பரணில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று சண்டை போட்டவள் நீதான். அங்கே வந்து நான் உன் படிப்பை விளையாட்டாக்கிவிட்டேன்.

இங்கே நிலைமை வேறு. இங்கே யாரும் யாருக்கும் மேடம் இல்லை. அக்கா, அண்ணன், தம்பி, தங்கச்சிதான். முதல் வாரம் எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் புரிந்தது. வலி மருந்து வைத்திருக்கும் பூட்டு அலமாரியை மாலையில் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். என்னோடு எண்ண வேண்டியவன் ஒரு ‘தம்பி’. முப்பது வயது. தாளை நீட்டி, “எண்ணியாச்சுக்கா, ஒரு கையெழுத்து போட்டுடுங்க” என்றான். நானும் எண்ணிவிட்டுப் போடுகிறேன் என்றேன். “என்னக்கா, சொந்தத் தம்பிய நம்ப மாட்டீங்களா?” என்று கேட்டான். தம்பி என்று சொல்லிவிட்டால் எண்ணக்கூடாது போலிருக்கிறது.

எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து அவன் என்னை மேடம் என்று கூப்பிடுகிறான். உனக்குப் பத்து வருஷம் பிடித்தது, எனக்கு ஒரே மாலையில் கிடைத்துவிட்டது. அந்தச் சொல்லை வைத்து ஒருவரை மதிக்கவும் முடியும், தள்ளி நிறுத்தவும் முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

இனி நீ கேட்ட கேள்வி. மூன்று நாள்.

முதல் நாள், டாக்டர் ஒருவேளை அளவை மாற்றிச் சொல்லியிருப்பார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இரண்டாம் நாள் காலையில் சீட்டுக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். மாற்றவில்லை. ஒன்று என்றுதான் இருந்தது. உன் மேஜை பத்தடி தூரம். நீ அப்போது யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தாய். எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. எல்லாம் தெரிந்த மேடம்தானே, தானே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்து ஒருநாள் தலைகுனிந்து நிற்கட்டும்.

சீட்டைக் கட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். அந்தத் தச்சர் என் நினைப்பில் வரவே இல்லை. அவருக்கு மனைவி இருக்கிறாள், ஒரு ஆளுக்குள்தான் அந்த மாத்திரை போகிறது என்பதே தோன்றவில்லை. நீயும் நானும்தான் அந்த அறையில் இருந்தோம்.

இதைக் குழுவுக்கு நான் எழுதவில்லை. விரலைப் பற்றி மட்டும் எழுத நினைத்திருந்தேன். உன் கேள்வியைப் படித்த பிறகு உன்னிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் ஆறு நாள் என் கைப்பையிலேயே இருந்தது. வீட்டில் வைக்கப் பயம். அண்ணன் கண்ணில் பட்டால் மனிதர் உடைந்துபோவார். ஒளிக்காமல் சொல்கிறேன்: அதைக் குழுவிடம் கொடுத்துவிட்டால் என் பதவி தப்பும் என்பது படித்து முடித்த நிமிடமே தோன்றிவிட்டது. விசாரணை இருபத்தெட்டாம் தேதி. கடிதத்தோடு போவதா, இல்லாமல் போவதா என்று இருபத்தைந்தாம் தேதிவரை முடிவெடுக்கவில்லை.

அன்றைக்குத் தச்சர் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கூட மனைவி. கவுண்டரில் சீட்டை நீட்டினார். நான் உள்ளே இருந்து யாரையாவது அனுப்பியிருக்கலாம். வெளியே வந்து, தப்பான அட்டையை எடுத்தவள் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். இருந்தார்கள், நான்தான் பேச விடவில்லை என்றேன்.

தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். ஒரு விரல் பாதிதான் இருக்கிறது. பிறகு சொன்னார்: “எங்க பட்டறையில ரம்பம் ஓடும்போது முதலாளி, தொழிலாளின்னு யாரும் கிடையாது. ‘கை!’னு ஒருத்தன் கத்துவான், அவ்வளவுதான். மரியாதை எல்லாம் ரம்பத்த நிறுத்தினப்புறம்.”

அவர் மனைவி பக்கத்தில் வந்தாள். நான் கொடுத்த அட்டையை வாங்கி, என் கண் முன்னாலேயே சீட்டோடு ஒத்துப்பார்த்தாள். வாசல்வரை போய், திரும்ப எடுத்து இன்னொரு முறை பார்த்தாள். அந்த இரண்டாவது முறை என்னைச் சுட்டது.

இருபத்தெட்டாம் தேதி குழுவுக்குப் புது வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். விரலைக் காட்டியதையும், அதற்கு முன்பு எல்லோர் எதிரிலும் போட்ட உத்தரவையும் எழுதினேன். இன்னொன்றையும் எழுதினேன். ஏழு மாதமும் உங்களை நான் ‘அசிஸ்டென்ட்’ என்றே கூப்பிட்டிருக்கிறேன். “அசிஸ்டென்ட், இங்க வாங்க.” ‘வாங்க’ போட்டுவிட்டேன், மரியாதை கொடுத்தாயிற்று என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, நாற்காலியை இழுத்துப் போடச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் கொடுக்கவில்லை. அது எனக்கு எழுதியது. அதில் இருப்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு.

படித்துவிட்டுக் கோபம் வந்தது, அண்ணி. இன்னும் முழுதாகப் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
நாத்தனார்


ஏப்ரல் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

கோபம் இருக்கட்டும். எனக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

உன் கடிதம் இன்று வந்தது. நான் போன மாதம் முப்பதாம் தேதியே குழுவுக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன், சீட்டைப் பார்த்ததும் திரும்ப வைத்ததும் உட்பட. குழுவில் இருப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பிப்ரவரியில் வாய்மொழியாக விசாரித்தபோது இரண்டு பேரும் தப்பு தன்மேல் இல்லை என்றோம். இப்போது இரண்டு பேரும் தன்மேல்தான் என்கிறோம். குடும்பமாக வந்து கழுத்தறுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

என்னை வேலையிலிருந்தே எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அறை வாடகை இந்த வருஷம் முழுக்கப் பேசியிருக்கிறேன். உன் அண்ணனிடம் இதெல்லாம் சொல்லவில்லை.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணி,

முடிவு இங்கே போன வாரமே வந்துவிட்டது. உங்களுக்கும் நகல் வரும், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று, வேலைக்கு ஆபத்தில்லை. மாற்றலை ரத்து செய்துவிட்டார்கள், ஜூன் முதல் தேதி இங்கேயே வந்து சேரலாம். எனக்கு இரண்டு வருஷத்துக்குத் தலைமைப் பொறுப்பு கிடையாது. மருந்தாளுநராக இருக்கலாம்.

எனக்கு அடுத்து இருந்தவர்தான் இப்போது தலைமை. என்னைவிட நான்கு வயது சின்னவர். முதல் இரண்டு நாள் அவருக்கு என்னைக் கூப்பிடவே தெரியவில்லை. மேடம் என்றால் பழைய பதவி, பெயர் சொன்னால் வாய் கூசுகிறது. இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார். மூன்றாம் நாள் நேராகவே கேட்டார்: “உங்கள எப்படிக் கூப்பிடணும்?” என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. பெயர் சொல்லி, கூடவே ‘வாங்க, போங்க’ போதும். நானும் அவரை அப்படியே கூப்பிடுகிறேன் என்றேன். இப்போது மருந்தகத்தில் எல்லோரிடமும் அவர் அதைக் கேட்டுவிட்டார். ஒருவர் ‘அண்ணே’ வேண்டாம் என்றார். தரை துடைக்கும் பெண் ‘ஆயா’ என்று கூப்பிட வேண்டாம், பெயர் இருக்கிறது என்றாள். பதினொரு வருஷமாக அவள் பெயர் எனக்குத் தெரியாது, அண்ணி.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறோம். மருந்து வெளியே போகும்போது யார் வேண்டுமானாலும் ‘நில்லுங்க’ என்று சொல்லலாம். முன்னால் மேடம், பின்னால் சார் எதுவும் தேவையில்லை. சொன்னதும் எல்லோர் கையும் நிற்க வேண்டும். போன வியாழக்கிழமை, நான் டிராலியைத் தள்ளிவிட்ட நேரத்தில், தரை துடைத்துக்கொண்டிருந்தவள் ‘நில்லுங்க’ என்றாள். என் பழைய குணம் எரிந்து விழத்தான் பார்த்தது. அடக்கிக்கொண்டு நின்றேன். குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டிய ஒரு பொட்டலம் தட்டிலிருந்து நழுவிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்து வைத்தேன். நன்றி என்று பெயர் சொல்லிச் சொன்னேன்.

சம்பளம் குறைந்ததைவிட, கூட்டத்தில் என் நாற்காலி போனதுதான் வலிக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் வலிக்கும்.

உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஜூனில் வந்துவிடுங்கள். உங்கள் மகள் என்னை மறுபடி அத்தை என்கிறாள், சுவரைப் பார்க்காமல்.

அன்புடன்,
நாத்தனார்


மே 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

நகல் வந்தது. உன் நாற்காலிக்காக வருத்தப்படுகிறேன். உண்மையாகவே வருத்தப்படுகிறேன், மார்ச்சில் என்றால் பட்டிருக்க மாட்டேன்.

ஜூனில் நான் அங்கே சேரப் போவதில்லை. இங்கேயே நிரந்தரமாக இருக்கக் கேட்டு நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவில்லை. அங்கே வந்தால் வேலையில் ஒரு தப்பைச் சொல்லும்போது வீட்டை நினைப்பேன், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தப்பை நினைப்பேன். நீயும் அப்படித்தான். வார இறுதியில் ஒரே வீட்டில் இருப்போம். ஒரே கவுண்டரில் வேண்டாம்.

இங்கே எனக்கு ஒரு காரியம் நடந்தது. செவ்வாய்க்கிழமை வந்த ஒரு சீட்டில், ஒரு சின்னக் குழந்தைக்குப் பெரியவர்களுக்கு எழுதும் அளவு இருந்தது. டாக்டருக்கு போன் போட்டேன். அளவைப் படித்துக்காட்டியதும், “யாரும்மா நீ?” என்றார். வழக்கமான நானாக இருந்தால் மன்னிச்சுடுங்க சார் என்று வைத்திருப்பேன். “மருந்து எடுத்துக் குடுக்கறவ. குழந்தையோட வயச வச்சு அளவ இன்னொரு தடவ பாருங்க” என்றேன். மறுமுனையில் முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். பிறகு, “மாத்தி எழுதி அனுப்பறேன்” என்றார். என்னை எதுவும் போட்டுக் கூப்பிடவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்ற தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலை அலமாரியை என்னோடு சேர்ந்து எண்ணினான்.

மகளை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாம் என்று யோசிக்கிறேன். அறையைக் கொஞ்சம் பெரிதாகப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் அங்கே வந்துவிடலாம். திங்கள் காலையில் திரும்பிவிடலாம். இதில் உன் அண்ணனுக்கு என்ன கஷ்டம், அவளுக்கு என்ன இஷ்டம் என்று உட்கார்ந்து பேச வேண்டும். நீயும் இருக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள்.

சனிக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன். உன் அண்ணனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். நீயே அவரிடம் பக்குவமாகச் சொல்லி வை.

அன்புடன்,
உன் அண்ணி